கருப்பட்டியின் மேல் விழுந்த பழி

பூச்சி வைத்த நாய்க்குட்டியின் வயிற்றை விரலால் மெல்லச் சுண்டினால், பிஞ்சுப் பூசணிக்காயைச் சுண்டியது போல ‘தொப்’பென்று மந்தமாக ஓர் ஓசை எழும்; கால்கள் குச்சி குச்சியாக இருக்க, முதுகெலும்பு தோலுக்கடியில் மணிமணியாகத் துருத்தி நிற்க, வயிறு மட்டும் மினுமினுவென்று உப்பிக் கிடக்கும் அந்தக் குட்டியின் வாயில் புளித்த பாலும் ஈர மண்ணும் கலந்த ஒரு வாடை அடிக்கும். அந்த ஓசையும் வாடையும் ஒன்பது வயதிலேயே எனக்குப் பழகிப் போயின. வயதான காலத்தில் பழைய பகையை மறந்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் மறக்கவில்லை, மறக்கும் உத்தேசமும் இல்லை.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு ஓரிரு வருஷங்களுக்கு முன்பு, பேரையூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டில் சோளமும் பருத்தியும் விதைத்துப் பிழைத்த எங்கள் கூட்டுக் குடும்பத்தில், என் அப்பாவின் தம்பிக்கு, அதாவது என் சித்தப்பாவுக்கு, வெள்ளாமையை விட முயல் வேட்டையில்தான் கண். மீசையை முறுக்கிக்கொண்டு நாயும் கம்புமாக அவர் தெருவில் இறங்கினால் ஊரே அவரைப் பார்ப்பதாக அவருக்கு ஒரு நினைப்பு. அவர் வளர்த்த நாய்களில் செவலை நிறத்தில் ஒரு பெட்டை உண்டு. அதற்குப் பெயரும் செவலைதான். பேருக்கு அது சித்தப்பாவின் நாய் என்றாலும், தினமும் கஞ்சி ஊற்றியவள் நான் என்பதால் அது என் பின்னாலேயே சுற்றும்.

வைக்கோல் படப்பின் மூலையில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி இருந்தது. அதை ‘ஈத்துக்குழி’ என்பார்கள். என் தாத்தா காலத்தில், காட்டுப் பன்றியையே எதிர்த்து நின்ற நாய் ஒன்று அந்தக் குழியில் பிறந்ததாம். அன்று முதல் எங்கள் வீட்டுப் பெட்டைகள் அதில்தான் குட்டி போட வேண்டும், குட்டி போட்ட இடத்தில் ஒரு மண்டலம் விளக்குமாறு படக்கூடாது, பட்டால் ‘வேட்டை ராசி’ கூட்டியதோடு போய்விடும் என்று ஒரு சட்டம். ஆகவே ஒவ்வோர் ஈத்தின் பழைய சாக்கும் மக்கிய வைக்கோலும் குட்டிகளின் மலமும் அந்தக் குழியிலேயே கிடந்து, அடுத்த ஈத்தை வரவேற்கும். ஒவ்வொரு முறையும் பாதிக் குட்டிகள் வயிறு வீங்கிச் சாகும். ‘பூச்சி தின்னது போக மிஞ்சுறதுதான் வேட்டைக்கு ஆகும்’ என்று பெரியவர்கள் அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தார்கள்.

செவலை முதல் ஈத்தில் ஐந்து குட்டிகள் போட்டது. ஐந்தையும் நான் மடியில் போட்டுக்கொண்டுதான் திரிந்தேன். மாதமொருமுறை எங்களுக்குப் ‘பேதிக்கு’ விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டு, அந்தக் கொடுமைக்கு ஈடாக அம்மா ஆளுக்கொரு துண்டு கருப்பட்டி கொடுப்பாள். அந்த மாதம் என் பங்கிலிருந்து பொடித்துண்டுகளாக உடைத்துக் குட்டிகளின் நாக்கில் தடவினேன். நாலைந்து நாளில் குட்டிகள் சுருண்டன. ஒன்று வாந்தி எடுத்தது. அதில் வெள்ளை வெள்ளையாக, நூல்கண்டு சிக்கியது போல, பூச்சிகள் நெளிந்தன. சித்தப்பா குனிந்து அதைப் பார்த்தார், பிறகு என் பாவாடையில் ஒட்டியிருந்த கருப்பட்டித் தூளைப் பார்த்தார்.

இனிப்புத் தின்றால் வயிற்றில் பூச்சி வரும் என்பது எங்கள் ஊரில் சூரியன் கிழக்கே உதிக்கும் என்பது போல எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. விசாரணையே நடக்கவில்லை. “கருப்பட்டியக் குடுத்தே கொன்னுபுட்டாளே, பாதகத்தி!” என்று கத்திக்கொண்டு அவர் விட்ட அறையில் என் காதுத் தோடு கழன்று விழுந்தது. அடுத்த மூன்று நாட்களில் ஐந்து குட்டிகளும் செத்தன. ஐந்தையும் முறத்தில் வைத்து, தெருவே பார்க்க, என்னைத்தான் காட்டுக்குத் தூக்கிப் போகச் சொன்னார். அன்று முதல் தெருப்பிள்ளைகளுக்கு நான் ‘குட்டிதின்னி’.

இவ்வளவும் போதாதென்று, இரவுச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டே அம்மாவிடம் தீர்ப்புச் சொன்னார். “மதினி, அடுத்த ஈத்தும் இப்பிடிப் போச்சுன்னா செவலையச் சந்தை வண்டியில ஏத்தி எங்கிட்டாவது விட்டுட்டு வந்துருவேன். ராசி கெட்ட நாய்க்கு எம்புட்டுக் கஞ்சிதான் ஊத்துறது?”

பழி வாங்குவதென்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். முதல் எதிரி பூச்சி. வாந்தியில் கிடந்தவற்றை ஒரு சிரட்டையில் அள்ளி வைத்திருந்தேன். திருஷ்டி கழிப்பது போல உப்பும் மிளகாயும் போட்டு அடுப்பில் கொட்டினேன். வீடே இருமித் தள்ளியது. “எந்தச் சிறுக்கிடி அடுப்புல மிளகாயப் போட்டவ?” என்று அம்மா விளக்குமாற்றோடு தேடினாள். கண்ணில் நீர் வழிய அவை கருகுவதை நின்று பார்த்தேன். மனசு ஆறவில்லை. இரண்டாவது எதிரிக்கு மீசை இருந்தது, அவரை அடுப்பில் போட முடியாது.

வழி கண்மாய்க்கரையில் கிடைத்தது. எங்கள் ஊருக்குத் துணி வெளுத்த இருளாயியிடம் அழுக்கு மூட்டையைக் கொண்டு போட்டபோது, அவள் துணி அவிக்கும் வெள்ளாவி அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தெருநாய் ஏழு குட்டிகளோடு படுத்திருந்தது. ஏழும் கொழுகொழுவென்று இருந்தன. ஒன்றுக்கும் வயிறு உப்பவில்லை. அதையும் விட, இருளாயியின் மகள் தன் வாயிலிருந்த கருப்பட்டித் துண்டை எடுத்து ஒரு குட்டிக்கு நீட்டினாள், அது வாலை ஆட்டிக்கொண்டு நக்கித் தின்றது. எனக்கு உச்சந்தலையில் தீப்பிடித்தது. கருப்பட்டி தின்ற குட்டி கண் முன்னே துள்ளுகிறது, அறை வாங்கியவள் நான்!

துணி வெளுப்பவர்கள் வயதில் பெரியவர்களானாலும் அவர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அன்றைக்கு அதை மீறி, “அக்கா, கருப்பட்டி தின்னா பூச்சி வராதா?” என்று கேட்டேன்.

இருளாயி துணியை ஓங்கி அடித்துவிட்டுச் சிரித்தாள். “கருப்பட்டியில எங்க தாயி பூச்சி இருக்கு? தாய் வயித்துலருந்தே குட்டிக்கு வந்துருது. குட்டி பேளுது, அதுலயே பெரண்டு, அதையே நக்குது, திரும்ப உள்ள போகுது. உங்க வீட்டுக் குழியத் தோண்டிப் பாரு, அம்புட்டும் அங்கதான் இருக்கு.” வெள்ளாவி இறக்கிய கொதிநீரைக் குட்டிகள் படுக்கும் இடத்தில் நாள் தவறாமல் ஊற்றுவதாகவும், குட்டி கண் திறந்து ஒரு வாரமானதும் பூச்சியைக் கொல்லும் முருக்கன் விதைப் பொடியை ஒரே ஒரு சிட்டிகை மோரில் கலந்து கொடுத்து, பதினைந்து நாள் கழித்து மறுபடி கொடுப்பதாகவும் சொன்னாள். கொஞ்சம் பொடியும் மடித்துக் கொடுத்தாள். “எம்பேரச் சொல்லிறாத ஆத்தா. இவ என்ன நமக்குச் சொல்றதுன்னு உங்க சித்தப்பா என் வெள்ளாவிப் பானைய ஒடச்சுப்புடுவாரு.”

அடுத்த முறை செவலைக்கு வயிறு தொங்கியதும் நான் வேலையைத் தொடங்கினேன். சித்தப்பா காலையில் வேட்டைக்குக் கிளம்பியதும் குழியை ஒரு முழம் சுரண்டி மண்ணைக் கூடையில் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டினேன். பழைய சாக்கைக் கொளுத்தினேன். குளிக்க வைத்திருந்த வெந்நீரைத் திருடி அண்டா அண்டாவாக ஊற்றினேன். ஆறு குட்டிகள் பிறந்த பிறகு, அவற்றைக் கூடையில் எடுத்து வைத்துவிட்டுத் தினமும் குழியைக் கூட்டினேன், அந்த விளக்குமாற்றாலேயே கூட்டினேன். யாருக்கும் தெரியாமலிருக்க மேலே நாலு பிடி பழைய வைக்கோலைத் தூவி வைத்தேன். கொதிநீர் மண்ணில் ‘சுர்’ரென்று இறங்கும்போதெல்லாம் “சாவுங்க, சாவுங்க” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன். ஒன்பது வயதுப் பெண்பிள்ளை பேசுகிற பேச்சா அது என்று கேட்டால், ஐந்து குட்டிகளை முறத்தில் சுமந்த பிள்ளை வேறென்ன பேசும்?

முதல் மருந்துக்கு நல்ல பலன். மறுநாள் காலையில் குட்டிகள் பூச்சி பூச்சியாகக் கழித்தன. செத்துக் கிடந்த பூச்சிகளின் மேலேயும் நான் வெந்நீர் ஊற்றினேன், எனக்குத் திருப்தி வேண்டுமே.

பதினைந்து நாள் கழித்து இரண்டாவது மருந்து. ஐந்து குட்டிகளின் வயிறு வற்றிவிட்டது. ஆறாவதாகப் பிறந்த, கால் மட்டும் வெள்ளையாக இருந்த குட்டிக்கு மட்டும் வயிறு இன்னும் உப்பலாக இருந்தது. சுண்டினேன், அதே ‘தொப்’. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இன்னுமா உள்ளே இருக்கிறீர்கள் என்று ஒரு சிட்டிகைக்கு இரண்டாகப் போட்டேன். அதுவும் போதாதென்று மடிப்பில் மிச்சமிருந்ததையும் விரலால் வழித்து அதன் வாய்க்குள் அப்பினேன். குட்டி திமிறியது. ஒரு கையால் அதன் வாயைப் பொத்திக்கொண்டேன். உச்சி வெயிலில் வாந்தி எடுக்கத் தொடங்கியது. பொழுது சாய்வதற்குள் காலை நீட்டிவிட்டது. அதைக் கொன்றது பூச்சியல்ல, நான்தான் என்று எனக்குத் தெரியும். தானாகச் செத்தது போல அதைச் செவலையின் பக்கத்தில் கிடத்திவிட்டு வீட்டுக்குள் ஓடிப்போனேன். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். சித்தப்பா வந்து குட்டியைத் தூக்கினார், வெகுநேரம் அதன் முகத்தைப் பார்த்தார், தன் துண்டின் முனையால் அதைத் துடைத்தார், பிறகு தானே காட்டுக்கு எடுத்துப் போனார். என்னைக் கூப்பிடவில்லை. இந்த மனுஷனுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மற்ற ஐந்தும் மளமளவென்று வளர்ந்தன. வளர வளரச் சித்தப்பாவின் பீற்றலும் வளர்ந்தது. “எங்கப்பா தோண்டுன குழியோட ராசி, விளக்குமாறு படாத குழி” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது.

மாசி மாதத்தில் பரவையிலிருந்து ஆட்டுத் தரகர் ஒருவர் குட்டி வாங்க வந்தார். எங்கள் வாசலில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். “எங்க பக்கம் குட்டியெல்லாம் வயிறு ஊதியே செத்துப் போகுது. நீங்க எப்பிடிக் காப்பாத்துனீக?” என்று அவர் கேட்டார். சித்தப்பா மீசையில் கை வைத்தார். “அது குழியோட ராசிண்ணே. ஒரு மண்டலம் அதுல விளக்குமாறே பட்டதில்ல.”

நான் அடுக்களைக்கு ஓடி, ஒரு முழுக் கருப்பட்டியை எடுத்துக்கொண்டு வந்து கூட்டத்துக்கு நடுவில் நின்றேன். “தெனமும் விளக்குமாறு பட்டுச்சு சித்தப்பா. நான்தான் கூட்டுனேன். கொதிதண்ணி ஊத்துனேன், மருந்து குடுத்தேன். உங்க குழிதான் போன தடவை அஞ்சையும் கொன்னுச்சு. கருப்பட்டி தின்னா செத்துப் போகும்னு அறைஞ்சீகளே, இப்பப் பாருங்க” என்று கருப்பட்டியை வாசற்படியில் உடைத்து ஐந்து குட்டிகளுக்கும் போட்டேன். அவை சண்டை போட்டுக்கொண்டு தின்றன. ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். “இனி குழியக் கேக்கக் கூடாது மாப்ள, பிள்ளையத்தான் கேக்கணும்” என்றார் ஒரு பெரியவர். தரகர் சித்தப்பாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, “நீ சொல்லு தாயி” என்றார். சொன்னேன், ஒன்று விடாமல். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டதற்கு மட்டும், எனக்கே தோன்றியது என்றேன். சித்தப்பாவின் முகம் செத்துப் போயிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெய்ச்சோறு தின்றது போல இருந்தது.

போதாத காலம், தரகர் இன்னொன்றும் கேட்டார். “செவலை ஆறு போட்டுச்சுன்னு சொன்னாக. அஞ்சுதான நிக்குது. ஒண்ணு என்னாச்சு தாயி?”

கையில் ஒட்டியிருந்த கருப்பட்டித் தூளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். சித்தப்பாவுக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது.

“அது பெறக்கயிலயே நோஞ்சான்ணே” என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. “நிக்காதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். பிள்ளை என்ன பண்ணும்?”

கூட்டம் கலைந்ததும் என்னைக் கடந்து போகும்போது, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், “வாயெல்லாம் மருந்து அப்பியிருந்துச்சு. தொடச்சுட்டுத்தான் பொதச்சேன்” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் சாகும்வரை பேசவில்லை. செவலையைச் சந்தைக்கு அனுப்பும் பேச்சும் அத்தோடு நின்றது. அது எங்கள் வீட்டிலேயே கிழடாகிச் செத்தது.

இன்று படப்பு இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை போட்ட வீடு நிற்கிறது. கண்மாய்க்கரையில் வெள்ளாவி அடுப்பு இல்லை, இருளாயியும் இல்லை. அவளுக்குச் சேர வேண்டிய பெயரை அன்று நான் எடுத்துக்கொண்டேன், இப்போது இங்கே எழுதித் திருப்பித் தருகிறேன். முயல் வேட்டையும் போயிற்று, ஈத்துக்குழி என்று சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். திருப்பரங்குன்றத்து வீட்டில் அவர்கள் வளர்க்கும் நாய்க்குட்டிக்குக் கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்த பூச்சி மாத்திரையை நான்தான் கொடுக்கிறேன். குட்டியை முதலில் தராசில் வைத்து நிறுக்கிறேன். மறுபடியும் ஒருமுறை நிறுக்கிறேன். “எத்தனை தடவை அப்பத்தா?” என்று பேரன் அலுத்துக்கொள்வான்.

சித்தப்பா அறைந்ததை என்றோ மன்னித்துவிட்டேன், அதற்கு வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அந்த வாசலில் அத்தனை பேர் முன்னால் எனக்காக ஒரு பொய் சொன்னாரே, அதற்குத் திருப்பிக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அதற்காகத்தான் அவரை இன்னும் மன்னிக்க முடியவில்லை.