பட்டினி போட்ட இரண்டு நாட்கள்

ஞாயிறு, காலை 7 மணி: செவலை (நாட்டு நாய், ஆண், வயது ஆறு) மஞ்சள் நுரையாக வாந்தி எடுத்தது. மாலைக்குள் மேலும் மூன்று முறை. உணவை நிறுத்தினேன்.

திங்கள்: குடித்த தண்ணீர் கால் மணி நேரத்தில் வெளியே வந்தது. மலம் கழிக்கவில்லை. பட்டினியைத் தொடர்ந்தேன்.

செவ்வாய், காலை: எழுந்து நிற்கவில்லை. பெருமாட்டியிலிருந்து பாலக்காட்டுச் சித்தூரின் கால்நடை மருத்துவமனைக்குக் காரில் கொண்டுசென்றோம்.

இந்தக் குறிப்பில் பிழை எதுவும் இல்லை. தாவர நோயியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான், குறிப்பெடுக்கத் தெரியும். ஒன்றிரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு வாலாட்டிக்கொண்டு திரியும் நாய்க்கு ஒரு வேளை பட்டினி போதும் என்று படித்திருந்தேன். அதுவும் சரியே. தண்ணீரே தங்காத நாய்க்கு அது பொருந்தாது.

தோட்ட வேலைக்கு வரும் சரஸ்வதி திங்கட்கிழமையே சொன்னாள்: “ஏனுங்கய்யா, பச்சத்தண்ணியே நிக்கலைன்னா உள்ள என்னமோ அடைச்சிருக்குதுங்க. இன்னைக்கே கொண்டுபோயிரலாமுங்க.”

நாளை பார்க்கலாம் என்றேன்.

மருத்துவர் செவலையின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். வயிறு குலுங்கி வெளியே வந்ததா, சும்மா வழிந்ததா என்று கேட்டார். (குலுங்கினால் வாந்தி, வழிந்தால் எதுக்களிப்பு, அது பெரும்பாலும் உணவுக்குழாயின் கோளாறு.) குலுங்கியது என்றேன். ஸ்கேன் பார்த்துவிட்டு, மலையாளம் கலந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்: “சாரே, குடல்ல மாங்கொட்டை அடைச்சிருக்கு. நேத்து வந்திருந்தா இத்தனை கஷ்டம் இல்லை.”

மாங்கொட்டையைக் கொடுத்தவன் நான். என் மனைவி இறந்து பத்து மாதங்கள் ஆகின்றன. மாம்பழக் காலத்தில் மதியச் சாப்பாடு முடிந்ததும் அவள் கொட்டையைச் செவலைக்குக் கொடுப்பாள். இந்த ஆண்டு அது ஏமாறக் கூடாது என்று நானும் கொடுத்தேன். கொடுத்துவிட்டுக் கைகழுவப் போனேன்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் இதைச் சொன்னபோது, கூட வந்திருந்த சரஸ்வதி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அம்மா கொட்டையக் கையிலேயே புடிச்சுக்குவாங்க. நக்கத்தானுங்க உடுவாங்க.”

ஐந்து மாம்பழக் காலங்கள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். மனைவியின் கையைப் பார்த்ததில்லை.

குடலில் கறுத்துப்போன நான்கு விரற்கடை நீளத்தை வெட்டி எடுத்தார்கள். மறுநாளிலிருந்து கைப்பேசியில் அலாரம் வைத்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு தேக்கரண்டி தண்ணீர் கொடுத்தேன். இரண்டு நாள் தண்ணீர் தங்கியது. ஒருமுறை செவலை வாலையும் அசைத்தது. வெள்ளியன்று காய்ச்சல், வயிறு உப்பியது. தையல் விட்டு, வயிற்றறையில் தொற்று பரவியிருந்தது (பெரிட்டோனைட்டிஸ்). சனிக்கிழமை மதியம் செவலை இறந்தது.

உங்கள் நாய்க்குத் தண்ணீர் தங்காவிட்டால், மலம் நின்றால், வயிறு இறுகினால், வாந்தியில் ரத்தம் தெரிந்தால், புத்தகம் பார்க்க வேண்டாம். அன்றே புறப்படுங்கள். மனிதர் சாப்பிடும் மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள்.

எனக்கு நாள் இன்னும் இரண்டு மணித் துண்டுகளாகவே நகர்கிறது. தண்ணீர் குடித்தபின் என் வயிற்றையும் சற்று நேரம் கவனிக்கிறேன்.

இன்னும் செய்யாமல் இருப்பவை:

கைப்பேசியில் வைத்த அலாரங்களை நீக்குவது.

மீந்த மருந்துகளை வேறு நாய்க்கு உதவும்படி மருத்துவரிடம் கொடுப்பது.

செவலை தேறி வருகிறது என்று நான் சொல்லி வந்த, கோவையிலிருக்கும் மகளிடம் உண்மையைச் சொல்வது.

சரஸ்வதி சொன்னது சரி என்று அவளிடம் சொல்வது.