பள்ளத்தெரு பம்புக்காரர்

அந்த ஊர் முதலில் மேட்டில்தான் இருந்தது. கடலைப் பார்த்த பாறையில் பச்சை பூத்த கல்லை யாரோ கண்டெடுத்து, அது செம்பு என்று தெரிந்து, தோண்ட ஆரம்பித்தார்கள். கரையில் இருந்தது தீர்ந்ததும், செம்பு ஓடிய வழியே கடலுக்கு அடியில் இறங்கினார்கள். தோண்டியெடுத்த கழிவுக்கல்லைக் கொட்டிக் கொட்டி எழும்பிய குன்றுக்குக் கசடுமேடு என்று பெயர் விழுந்தது. கப்பல் வந்து செம்பை ஏற்றிப் போகிற இடம் துறை. ஆபீசர்களும் டாக்டரும் பள்ளிக்கூடமும் மேட்டில், காற்று வருகிற பக்கம். சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்கு எல்லாவற்றுக்கும் கீழே, சுரங்க வாயை ஒட்டிப் பள்ளத்தெரு.

பள்ளத்தெருவின் கோடியில் பம்பு ஹவுஸ். கடலுக்கு அடியில் குடைந்தால் கடல் சும்மா இருக்குமா? கசிந்துகொண்டே இருக்கும். அந்தத் தண்ணீரை இரவும் பகலும் இறைத்து வெளியே தள்ள மூன்று பெரிய பம்புகள். அவற்றின் உறுமல் தெருவின் சுவர்களில் ஏறி, கட்டில் கால் வழியாக உடம்புக்குள் வரும். விருந்தாளிகளுக்குத் தூக்கம் பிடிக்காது. பள்ளத்தெருக்காரர்களுக்கு வெளியூர் போனால் தூக்கம் பிடிக்காது.

அந்தப் பம்புகளைப் பார்த்துக்கொள்கிறவராகத்தான் பம்புக்காரர் இளவயதில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்த்துவிட்டது அண்ணன். அப்பா சுரங்கத் தூசியை நெஞ்சில் வாங்கி இருமி இருமியே போனவர். அதனால் தம்பி கீழே இறங்கவே கூடாது, வீட்டுக்கு ஒருத்தன் இறங்கினால் போதும் என்று அண்ணன் பிடிவாதமாக நின்று, மேஸ்திரியிடம் கெஞ்சிக் கூத்தாடி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தான். ஆனால் பம்பு வேலையில் எந்நேரமும் தண்ணீரில்தான் நிற்க வேண்டும். ஷிப்ட் முடிந்து இருவரும் ஒன்றாக வீடு திரும்பினால், அண்ணன் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவான்.

"கடலுக்கு அடியில வேலை செய்யறவன் நனையாம வர்றேன். கரையில நிக்கிறவன் தொப்பலா நனைஞ்சு வர்றான் பாரு."

அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு கொழுந்தனுக்குத் துண்டை எடுத்து நீட்டுவாள். அவள் செம்புக்கல் பொறுக்கும் கொட்டகையில் வேலை பார்த்தாள். ஓடுகிற பெல்ட்டில் வருகிற கல்லில் எது செம்பு, எது வெறுங்கல் என்று பார்த்துப் பிரித்துப் போடும் வேலை. அதிகம் பேசமாட்டாள். வந்த புதிதில் அவரைத் தம்பி என்று கூப்பிட்டவள், கடைசிவரை அப்படியேதான் கூப்பிட்டாள்.

அண்ணன் மகள் சுவரைப் பிடித்து எழுந்து நிற்கப் பழகிய சமயத்தில்தான் கடலடிச் சுரங்கத்தின் கூரை இடிந்தது. ஏழு பேர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். அண்ணன் அதில் ஒருவன். கல்லை அகற்ற அகற்ற மேலிருந்து மறுபடி சரிந்தது. தோண்டப் போனவர்களில் ஒருவனுக்குக் கால் போனது. கடைசியில் அந்த இடத்தைச் சுவர் எழுப்பி மூடிவிட்டார்கள். மானேஜர் ஏழு வீட்டுக்காரர்களையும் கூட்டிவைத்து, மேல்பாறை நிலைப்படட்டும், பிறகு சுவரை இடித்து எல்லோரையும் வெளியே கொண்டுவந்து உங்கள் கையில் கொடுத்துவிடுகிறோம் என்று சொன்னார். அப்போது அவருக்கும் கண் கலங்கியிருந்தது. வேண்டுமென்று பொய் சொன்னார் என்று யாரும் நினைக்கவில்லை.

மற்ற வீட்டுக்காரர்கள் அழுது தீர்த்து, மெல்ல மெல்ல வேறு வேலை, வேறு ஊர் என்று போனார்கள். அண்ணி போகவில்லை. மானேஜர் மாறும்போதெல்லாம் கொட்டகையில் அரை நாள் லீவு கேட்டு, தலையை ஒழுங்காக வாரி, மேட்டுக்கு ஏறிப் போய், புதிதாக வந்தவரிடம் அந்த வாக்கை ஞாபகப்படுத்திவிட்டு இறங்கி வருவாள். சண்டை போடமாட்டாள். எல்லா மானேஜரும் தலையாட்டினார்கள்.

பம்புக்காரர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம் பார்க்கலாம் என்பார். பார்க்கலாம் பார்க்கலாம் என்றே தலை நரைத்தது. பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை அண்ணியிடம் ஜாடையாக ஏதோ சொல்லப்போய், அண்ணி திரும்பிப் பார்த்த பார்வையில் பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். அவருக்கு வீட்டில் ஒரு அறை, நேரத்துக்குச் சாப்பாடு, சித்தப்பா என்று ஓடி வந்து முதுகில் ஏற ஒரு குழந்தை. அதற்கு மேல் அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை. பம்பு ஓடுகிறவரைக்கும் அண்ணன் கிடக்கிற இடம் நனையாமல் இருக்கும் என்பது மட்டும் எப்போதும் மனதில் இருந்தது. அண்ணிக்கும் அது இருந்தது. இருவரும் இதை வாய்விட்டுப் பேசியதில்லை. ஒருமுறை கொட்டும் மழை இரைச்சலில் மின்சாரம் போய்ப் பம்பு நின்றபோது, அண்ணி நனைந்தபடி பம்பு ஹவுஸ் வாசலில் வந்து நின்றாள். மறுபடி ஓட ஆரம்பித்ததும் போய்விட்டாள்.

மகள் வளர்ந்து, மேட்டில் மருந்துக்கடை வைத்திருந்தவரைக் கட்டிக்கொண்டு போன சில வருஷத்தில் செம்பு தீர்ந்துவிட்டது என்று பேச்சு கிளம்பியது. முதலில் துறையில் கப்பல் குறைந்தது. பிறகு கொட்டகையை மூடினார்கள். அண்ணி வீட்டோடு இருந்தாள். ஒருநாள் இன்ஜினியர் பம்பு ஹவுஸுக்கே வந்து, சுரங்கத்தை மூடுவதாக முடிவாகிவிட்டது, பம்பையும் நிறுத்தப் போகிறோம் என்றார். நல்ல மனுஷன். பம்புக்காரர் குடும்ப விவரம் தெரிந்தவர். உங்களால் முடியாது என்றால் வெளியிலிருந்து ஆள் வரவழைக்கிறேன் என்றும் சொன்னார்.

பம்புக்காரர் யோசிக்கவே இல்லை. முன்பின் தெரியாத எவனோ வந்து, வெற்றிலைபாக்குக் கடையில் விளக்கை அணைப்பதுபோல அணைத்துவிட்டுப் போவதா? இவ்வளவு வருஷம் அண்ணனைக் காய்ந்த இடத்தில் வைத்திருந்தது தன் கை. நிறுத்துவதும் தானாகத்தான் இருக்க வேண்டும், அதுதான் மரியாதை என்று தோன்றியது. நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

அண்ணியிடம் அன்று மாலைதான் சொன்னார். அவள் கொடியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சுரங்கம் மூடப்போவது அவளுக்கும் தெரியும், ஊரே பேசியதுதான். நிறுத்தப் போவது யார் என்பதைக் கேட்டதும் அவள் கை நின்றது.

"நீ நிறுத்த வேணாம் தம்பி."

அவர் தன் நினைப்பைச் சொல்லிப் பார்த்தார். அவள் முழுவதும் கேட்டாள்.

"யாரோ ஒருத்தன் நிறுத்தினா, அவனைத் திட்டிக்கிட்டு மிச்ச காலத்தை ஓட்டிருவேன். நீ நிறுத்தினா நான் யாரைத் திட்டறது?"

வாக்குக் கொடுத்துவிட்டேனே என்றார். அவள் மறுபடி துணியை மடிக்க ஆரம்பித்தாள். அவள் விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, இன்ஜினியரும் இன்னும் நாலைந்து பேரும் பார்த்துக்கொண்டிருக்க, வால்வுகளை ஒவ்வொன்றாக மூடி, மூன்று மோட்டாரையும் வரிசையாக நிறுத்தினார். கடைசி மோட்டாரின் சுற்று தேய்ந்து தேய்ந்து அடங்கியது. வெளியே வந்தபோது தெருவில் எல்லோரும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். யாருடைய வீட்டிலோ பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. பள்ளத்தெருவில் ஒரு வீட்டுச் சத்தம் இன்னொரு வீட்டுக்குக் கேட்பது அதுதான் முதல் தடவை.

வீட்டில் அண்ணி இல்லை. அடுப்பில் அவருக்குச் சமைத்து மூடி வைத்திருந்தது. தன் துணிமணியை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போயிருந்தாள்.

நாலு நாள் இருந்துவிட்டு வருவாள் என்று நினைத்தார். வரவில்லை. அவரே மேட்டுக்குப் போனார். அண்ணி வா என்றாள், தண்ணீர் கொடுத்தாள், முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள், சாப்பிடாமல் போகக் கூடாது என்றாள். ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் உட்கார்ந்திருந்த அறையில் அவள் உட்காரவே இல்லை. ஏதாவது வேலை இருந்துகொண்டே இருந்தது. திரும்பி இறங்கும்போது, முகத்துக்கு நேராக நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

கடல் அவசரப்படவில்லை. மறு வருஷம் பள்ளத்தெருக் கிணறுகள் உப்புக் கரித்தன. அதற்கடுத்த மழையில் வீட்டுத் தரைகள் ஈரம் காயவில்லை. சுவர்கள் விரிசல் விட்டதும் தெருவையே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மகள் ஓடி வந்து, எங்களோடு வந்து இருங்கள் சித்தப்பா என்று கையைப் பிடித்துக் கூப்பிட்டாள். அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டார். அவள் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள். அவர் துறையில் ஒரு சின்ன அறை பிடித்துக்கொண்டார். அங்கே ஐஸ் பேக்டரியில் ஒரு மோட்டார் இருந்தது, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது.

அண்ணி படுக்கையில் விழுந்தபோது தினமும் வேலை முடிந்து மேட்டுக்கு ஏறினார். இப்போது அவளால் எழுந்து வேறு வேலைக்குப் போக முடியாது. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருவார். மகள் கடைப்பக்கம் போயிருந்த ஒரு சாயங்காலம், அண்ணி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"நிறுத்தறதுக்கு முன்னாடி அவர்கிட்ட சொன்னியா?"

அண்ணனிடம் சொன்னாயா என்று கேட்கிறாள் என்பது அவருக்குச் சட்டென்று புரியவில்லை. சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணியிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"இல்ல அண்ணி. பிரஷர் கேஜ் முள்ளைப் பார்த்துக்கிட்டு நின்னேன். தோணவே இல்ல."

அவள் முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சொல்லியிருக்கலாம்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டாள். அவர் தலையைத் தாங்கிப் பிடித்துக் கொடுத்தார், குடித்தாள். அந்த வாரக் கடைசியில் போய்ச் சேர்ந்தாள்.

காரியம் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போனபின், ஒரு காலையில் அவர் பள்ளத்துப் பக்கம் போனார். பாதித் தெரு தண்ணீரில் நின்றது. சுரங்க வாயில் இரும்புத் தகடு போட்டு, சுற்றிலும் கம்பிவேலி அடித்து, ஒரு காவல்காரனை உட்கார வைத்திருந்தார்கள். இன்னார் என்று சொன்னதும் அவன் மரியாதையாக எழுந்து உள்ளே விட்டான். தகட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். வரும் வழியெல்லாம் அண்ணனிடம் என்ன சொல்ல வேண்டும் என்று சேர்த்து வைத்துக்கொண்டுதான் வந்திருந்தார். அண்ணி உன்னிடம் வந்துவிட்டாள் என்பதிலிருந்து ஆரம்பிக்க நினைத்தார். ஆனால் காவல்காரன் துணைக்கென்று கூடவே வந்து பக்கத்தில் நின்றான், போகிற மாதிரித் தெரியவில்லை. தண்ணீர் இப்போது எதுவரை ஏறியிருக்கும் என்று அவனிடம் கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. கடல் மட்டத்துக்கு வந்து நின்றிருக்கும் என்று அவரே அவனுக்கு விளக்கிச் சொன்னார். மோட்டார் போட நேரமாகிவிட்டது என்று சொல்லி, வேலியைத் தாண்டி, துறைக்கு நடந்தார்.