கேக்கைத் தின்ற ஹெலிகொப்டர்

லண்டனில், லூயிஷாமில், எங்கள் பிளாட்டில் வியட்நாம் யுத்தம் சனிக்கிழமை தோறும் பின்னேரங்களில் நடந்தது. அமெரிக்காவை எதிர்த்தவர்களின் பக்கம் என் மாமா. அமெரிக்காவின் பக்கம் கீழ்வீட்டு அங்கிள். நடுவில், சோபாவில், மிக்சர் கிண்ணத்தோடு எட்டு வயதில் நான்.

மாமா, அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து ஜேர்மனிக்குப் போய், அங்கிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தவர். கீழ்வீட்டு அங்கிள் வியட்நாமிலிருந்து படகில் தப்பி வந்தவர். ஞாயிறு பூசையில் ஒரே வாங்கில் இருந்து பழகிவிட்டார்கள். இரண்டு பேரின் ஆங்கிலத்தையும் சேர்த்தாலும் ஒரு போத்தல் பால் வாங்கத்தான் காணும். அதனால் மொழிபெயர்ப்பு வேலை எனக்கு. சம்பளம் மிக்சர்.

வியட்நாமில் அமெரிக்கர்கள் சண்டை போடும் படம் என்றால் இருவருக்கும் பைத்தியம். கடையில் வாடகைக்கு எடுத்து வருவார்கள். அமெரிக்கச் சிப்பாய் விழுந்தால் மாமா கை தட்டுவார். அவன் எழும்பினால் அங்கிள் தட்டுவார். படம் முழுக்க யாராவது ஒருவர் தட்டிக்கொண்டே இருப்பார்கள். அந்தச் சோபாவைவிடச் சந்தோஷமான இடம் உலகத்தில் இருப்பதாக எனக்குத் தெரியாது.

கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் என் முதல் நன்மைக்கு முந்திய வாரம் அந்தச் சந்தோஷத்துக்கு ஆபத்து வந்தது. படத்தில் ஒரு கிராமம் எரிந்தது.

"பிள்ளை, ஒரு வல்லரசு ஊருக்கை வந்து குண்டு போட்டால் ஊர்ச்சனம் மாலை போடுமோ எண்டு கேள்," என்றார் மாமா.

படம் வடிவாக இருக்கிறதாம் என்று மொழிபெயர்த்தேன். ஆனால் மாமாவின் முகத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அங்கிள் எழும்பினார். அமெரிக்கர்கள் வந்தது பிழையில்லை, எங்களை விட்டுவிட்டுப் போனதுதான் பிழை என்று தன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். கதவை அடித்துச் சாத்திக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அந்த வாரம் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் இருவரும் சுவரைப் பார்த்தார்கள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. முதல் நன்மை வாங்கியதும் யேசுவிடம் என்ன கேட்பாய் என்று சிஸ்டர் கேட்டபோது, "சனிக்கிழமை" என்றேன். பாவம், அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

முதல் நன்மை விருந்து பிளாட்டுக்குப் பின்னாலிருந்த புல்வெளியில் நடந்தது. என் வெள்ளைச் சட்டையைத் தைத்தவ அங்கிளின் மனுசி, கீழ்வீட்டு அன்ரி. ஆம்பிளைகளின் யுத்தத்தை அவ கணக்கிலேயே எடுக்கவில்லை. அங்கிளோ மாமாவைப் பார்க்க விரும்பாமல் புல்வெளிப் பக்கம் கதவு திறக்கும் தங்கள் குசினிக்குள் நின்று ரோல்ஸ் பொரித்தார். மாமா கேக்கைத் தூக்கிக்கொண்டு புல்வெளி மேசையை நோக்கி நடந்தார். பின்னால் நான்.

அப்போதுதான் ஹெலிகொப்டர் வந்தது. பொலிஸ் ஹெலிகொப்டர். கள்ளன் பிடிக்க எங்கள் பக்கம் அடிக்கடி வரும். அன்று கூரையை உரசுகிற மாதிரி வந்தது.

"உள்ளுக்கை ஓடு பிள்ளை!"

மாமா ஒரு கையில் கேக்கும் மறு கையில் நானுமாகக் குசினிக் கதவை நோக்கி ஓடினார். அதே கதவால் அங்கிள், எண்ணெய் சொட்டும் கரண்டியை வானத்துக்கு ஆட்டி, தன் மொழியில் கத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார். உள்ளே ஓடியவரும் வெளியே ஓடியவரும் வாசலில் முட்டினார்கள். கேக் முழுக்க என்மேல்.

முதலில் அன்ரி சிரிக்கத் தொடங்கினா. மாமாவும் அங்கிளும் முழங்காலில் நின்று என் சட்டையிலிருந்த கிறீமை வழித்தார்கள். மாமா வழித்த இடத்தையே திரும்பத் திரும்ப வழித்தார். அங்கிள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. பிறகு ஒரு விரல் கிறீமை மாமாவின் மூக்கில் பூசினார். சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணீர் வந்தது. யேசு இவ்வளவு கெதியாக வேலை செய்வார் என்று நான் நினைக்கவில்லை.

அந்த ஓட்டமெல்லாம் எனக்காக ஆடிய கூத்து என்றே வெகுகாலம் நம்பினேன். யாழ்ப்பாணத்தில் அந்தச் சத்தம் கேட்டால் குண்டுக்குப் பயந்து மாமா பங்கருக்குள் பாய்வார் என்பதும், அமெரிக்கர்கள் போன நாளில் அங்கிள் தன் தாயோடு ஒரு மொட்டைமாடியில் நின்று, தங்களையும் ஏற்றிப்போகச் சொல்லி, இறங்காமல் போன ஹெலிகொப்டருக்குக் கை காட்டிக்கொண்டே இருந்தார் என்பதும் நான் வளர்ந்த பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை யுத்தம் வழமைபோலத் தொடங்கியது. கைதட்டலும் அப்படியே. ஆனால் படத்தில் ஹெலிகொப்டர் வந்தால், ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிடுவார். எனக்கோ படத்திலேயே பிடித்த இடம் அதுதான். "கூட்டுங்கோ, கூட்டுங்கோ!" என்று சோபாவில் துள்ளுவேன். இருவரும் கேட்காதவர்கள்போல மிக்சரை என் பக்கம் தள்ளிவிடுவார்கள்.