மச்சான் பிடிக்கும் கொடி

நாகல் நகர் அக்பர் அலி நல்லது செய்கிறேன் என்று கிளம்பிவிட்டால் அவரை யாராலும் நிறுத்த முடியாது. அந்தக் குணத்தைத் தெருவே மெச்சியது. நானும் மெச்சியிருக்கிறேன். இப்போது நினைத்தால் அவர் மேலும் என் மேலும் எரிச்சல்தான் வருகிறது.

சிறுமலையில் கடுக்காயும் தேனும் வாங்கி வந்து விற்பது அவர் தொழில். கடுக்காய், தோல் பதப்படுத்துவதற்காகத் திண்டுக்கல் தோல் ஷாப்புகளுக்குப் போகும். தேன் நாட்டு மருந்துக் கடைகளுக்கு. மலையில் வாழைத் தோட்டங்கள் கீழேயிருந்து போன சம்சாரி விவசாயிகளுடையவை. மூட்டை சுமக்கும் குதிரைகளும் கீழ்நாட்டுக்காரர்களுடையவைதான். அங்கேயே பிறந்து வளர்ந்த பளியர்களுக்குக் காடு கொடுப்பது மட்டும்தான் மிச்சம். அவர்களில் வெள்ளையன் குடும்பத்தோடு அக்பர் அலிக்குப் பதினைந்து வருஷப் பழக்கம்.

வெள்ளையன் தேன் எடுப்பது செங்குத்தான ஒரு பாறையில். உச்சியிலிருந்து காட்டுக்கொடியைத் தொங்கவிட்டு, அதைப் பிடித்து இறங்குவான். மேலே கொடியைப் பிடித்திருப்பவன் சடையன், வெள்ளையனின் மனைவி பொன்னழகுக்குக் கூடப்பிறந்த ஒரே அண்ணன். மனைவியின் உடன்பிறந்தவனைத் தவிர வேறு யார் கையிலும் அந்தக் கொடியைக் கொடுக்க மாட்டார்கள். அக்பர் அலி இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். ஏதோ சாங்கியம் என்று நினைத்துக்கொண்டார். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஐம்பத்தொன்பதில் மழை விடாமல் பெய்து, விற்பதற்குக் காட்டில் எதுவும் கிடைக்கவில்லை. சடையன் வீட்டில் மூன்று மாதமாகக் கிழங்கைத் தவிர வேறு சாப்பாடு இல்லை என்று தெரிந்ததும் அக்பர் அலிக்கு மனசு கேட்கவில்லை. தெரிந்த ஒரு தோல் ஷாப்பில் சொல்லி, அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்து, கையோடு கூட்டி வந்துவிட்டார். பொன்னழகு அடிவாரம் வரை பின்னாலேயே நடந்து வந்து, அண்ணனை எப்போது திருப்பி அனுப்புவீர்கள் என்று கேட்டாள். அவன் மூன்று வேளையும் சோறு தின்னட்டும், நீ சந்தோஷமாகப் போ என்றார் இவர்.

அடுத்த வைகாசியில் தகர டின்களோடு மலையேறினார். பாறையில் தேனடைகள் பெருத்துத் தொங்கின. வெள்ளையன் அடியில் சும்மா உட்கார்ந்திருந்தான். மச்சான் இல்லாமல் எப்படி இறங்குவது என்றான். அந்தத் தேனைக் கொடுத்துத்தான் அவர்கள் வருஷத்துக்கு அரிசி வாங்க வேண்டும். இவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கொடியைத் தானே பிடிப்பதாகச் சொன்னார்.

வெள்ளையன் கோபப்படவில்லை. "நீங்க பலசாலிதான் பாய். ஆனா நான் விழுந்தா வெறுங்கழுத்தா நிக்கப்போறது உங்க தங்கச்சி இல்லையே."

பதினைந்து வருஷம் பார்த்தும் விளங்காதது அந்த ஒரு வார்த்தையில் விளங்கியது. அன்றைக்கே இறங்கிப் போய்ச் சடையனை அழைத்துக்கொண்டார். அவனும் சந்தோஷமாகவே வந்தான். வழியில் அவன் கையை இவர் கவனிக்கவில்லை.

வெள்ளையன் இறங்குவதற்கு முன் கொடியில் ஒரு பாறாங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பது வழக்கம். பொன்னழகுதான் கல்லைக் கட்டினாள். சடையன் பிடித்தான். கொடி அவன் கையிலிருந்து நழுவிக்கொண்டே போனது. சற்று நேரம் கழித்துக் கல் விழும் சத்தம் கீழே கேட்டது. வருஷம் முழுக்கச் சுண்ணாம்புத் தொட்டியில் தோலை முக்கி எடுத்த உள்ளங்கைகள் வெளுத்து வெடித்திருந்தன. விரல்கள் பாதிதான் மடங்கின.

யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அறுபத்தேழில் என்னிடம் சொல்லி அழுதார். வெள்ளையன் கொடியைச் சுருட்டி வைத்துவிட்டு, வாழைத் தோட்டத்துக்குக் கூலி கேட்கப் போனான். சடையன் மட்டும் இவர் முகத்தைப் பார்த்தான்.

"என்னயத் திரும்பத் தொட்டிக்கே கூட்டிட்டுப் போயிருங்க பாய். இந்தக் கைக்கு இனி அதுதான் தோது."

கூட்டிக்கொண்டு இறங்கினார். இந்தத் தடவை பொன்னழகு அடிவாரம் வரை வரவில்லை.