மாப்பிள்ளை கொண்டுபோன பட்டாசுப் பெட்டி

என் தங்கை யோகலட்சுமியைப் பட்டாளத்துக்காரருக்குக் கட்டிக்கொடுத்தபோது திருத்தங்கலில் என்னைத் திட்டாத சொந்தக்காரர் இல்லை. உள்ளூரிலேயே கடை வைத்திருக்கிறவர்கள், பிரஸ் வைத்திருக்கிறவர்கள் எத்தனை பேர் பெண் கேட்டார்கள், அத்தனை பேரையும் விட்டுவிட்டு வெம்பக்கோட்டைப் பக்கம் மழையை நம்பிப் பருத்தி போடுகிற வீட்டில் போய்த் தள்ளுகிறாயே என்றார்கள். அரசாங்க வேலை, கடைசிவரை பென்ஷன் என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்தேன். நான் சம்மதித்த காரணம் வேறு. பெண் பார்க்க வந்த அன்று முனியராஜ் என்னைத் தனியாக வாசலுக்குக் கூட்டிப்போய் ஒன்றைச் சொன்னார்.

"அண்ணாச்சி, என்ன கஷ்டம் வந்தாலும் ஒங்க தங்கச்சிய வெடி ஆபீசுக்கு அனுப்ப மாட்டேன். என்னால சொல்ல முடிஞ்சது இது ஒண்ணுதான்."

பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அவருடைய அம்மா வெள்ளைத்தாய் அப்படி ஒரு ஆபீசில் வெடி விபத்தில் செத்துப்போனவர். அப்போது இவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து கட்டிக் கொண்டுவந்ததை இவரை அவிழ்த்துப் பார்க்க விடவில்லையாம். அந்த வாசனை இல்லாத ஊராகப் பார்த்துப் போகவேண்டும் என்றுதான் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது முதல் ஆளாக ஓடினேன் என்பார். பட்டாளத்தில் மட்டும் மல்லிகைப்பூ வாசனையா வரும் மாப்ள என்று நான் கிண்டல் செய்வேன். அது வேற வாசனை மச்சான் என்று சிரிப்பார்.

நல்ல மனுஷன். லீவில் வந்தால் விடிவதற்குள் எழுந்து மகள் பிரீத்திகாவின் ஸ்கூல் ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வைத்துவிடுவார். போர்வையை அவர் மடித்து வைத்தால் செங்கல் மாதிரி இருக்கும், பிரித்துப் படுக்கவே மனசு வராது. நான் மூக்குக்கு மேல் கோபம் வருகிறவன். அவர் எதற்கும் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. சண்டை போடத் தெரியாதவரை எப்படித்தான் பட்டாளத்தில் எடுத்தார்களோ என்று யோகாவிடம் கேட்பேன்.

இனி நான் சொல்லப்போவது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. அம்மாவை வெடிக்குப் பறிகொடுத்தவர் வெடியைக் கையால் தொடுவாரா என்று கேட்பார்கள். எங்கள் பக்கம் அப்படிப் பார்த்தால் ஒரு வீட்டிலும் தீபாவளி கிடையாது. சித்தப்பாவைப் பறிகொடுத்த வீடு, மதினியைப் பறிகொடுத்த வீடு என்று தெருவுக்குத் தெரு இருக்கிறது. ஆனாலும் டாக்டரைப் பார்க்கப் போனால், வாத்தியாரைப் பார்க்கப் போனால், சம்பந்தி வீட்டுக்குப் போனால் கையில் ஒரு பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் இருக்கும். மற்ற ஊர்க்காரன் அல்வா வாங்கிப்போவான், நாங்கள் அதை வாங்கிப்போவோம். சிவகாசிக்காரன் என்று தெரிந்ததும் எவனும் முதலில் கேட்பது வெடிதான். கேட்டவனிடம் இல்லை என்று சொல்வது எங்களுக்குக் கேவலம். ரயிலில் கொண்டுபோகக் கூடாது என்று ஊருக்கே தெரியும். ஊரே கொண்டுபோகும்.

முனியராஜும் கொண்டுபோனார். வடக்கே அவர் இருந்த யூனிட்டில் அவருக்கு மேலே இருந்த சுபேதாருக்கு வருஷா வருஷம் ஒரு பெட்டி. கடைசித் தடவை அந்தச் சுபேதாரின் மகளுக்குக் கல்யாணம். பெரிய பெட்டியாக வேண்டும் என்று போன் செய்து கேட்டிருக்கிறார். இவரும் இரண்டு கைலிக்கு நடுவில் வைத்துச் சுற்றி, டிரங்குப் பெட்டியில் போட்டுக்கொண்டு ரயில் ஏறிவிட்டார். அங்கே போனபின் பார்த்தால் கல்யாணத்தை இரண்டு மாதம் தள்ளி வைத்திருக்கிறார்கள், பெட்டி இவரிடமே தங்கிவிட்டது. அதற்குள் இவர்களுடைய படைப்பிரிவை வெடிமருந்துக் கிடங்குக்குக் காவல் டியூட்டியில் போட்டுவிட்டார்கள். டிரங்குப் பெட்டியும் கூடவே போனது. உள்ளே கைலிக்கு நடுவில் மத்தாப்பும் புஸ்வாணமும் சங்குசக்கரமும் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தன. இவருக்கு அது நினைப்பிலேயே இல்லை. ஊர் முறுக்கு ஒரு டின் மிச்சம் இருந்தால் எப்படி மறந்திருப்பாரோ அப்படி மறந்திருக்கிறார்.

திடீர்ச் சோதனையில் பெட்டி அகப்பட்டது. ஒரு திரி கருகவில்லை, ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் இருந்த இடம் பீரங்கிக் குண்டுகள் அடுக்கி வைத்திருக்கிற கிடங்கின் காம்பவுண்டு. யாரை நொந்து என்ன பிரயோசனம்.

அன்றைக்கே சுபேதார் இவரைத் தனியாகப் பிடித்திருக்கிறார். என் பெயரை இழுக்காதே, குற்றத்தை ஒத்துக்கொள், நான் ஆபீசரிடம் பேசி வைத்திருக்கிறேன், சில நாள் உள்ளே வைத்துவிட்டு விட்டுவிடுவார்கள், எதிர்த்துப் பேசினால்தான் ஆபத்து என்றாராம். இவரும் நம்பினார். பட்டாளத்தில் அந்த மாதிரி விசாரணையில் கமாண்டிங் ஆபீசரே கேட்பார், அவரே தீர்ப்பும் சொல்வார். குற்றவாளிதான் என்று இவர் தலையாட்டினார். யாருக்காகக் கொண்டுவந்தாய் என்றதற்கு எனக்காகத்தான் என்றார். ஒழுங்கீனம் என்று எழுதி டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள். பென்ஷனுக்கு வேண்டிய வருஷம் முடிந்திருந்தும் அதுவும் போச்சு. அட கிறுக்கு மனுஷா என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது வழக்கம்போல விடிவதற்குள் எழுந்து பிரீத்திகாவின் ஷூவைத் தேடினார். அவள் காலேஜுக்குப் போக ஆரம்பித்துச் செருப்புக்கு மாறிச் சில மாதம் ஆகியிருந்தது.

வேலை தேடாமல் இல்லை. மதுரை, கோயமுத்தூர் என்று பேங்க் காவல், மில் காவல் எல்லாவற்றுக்கும் போனார். முன்னாள் ராணுவத்தினர் என்றதும் நாற்காலி போடுவார்கள். பட்டாளத்திலிருந்து வந்த பேப்பரைக் காட்டு என்பார்கள். டிஸ்மிஸ் என்று இருப்பதைப் பார்த்ததும் முகம் மாறிவிடும். என்ன திருடினாய் என்று ஒருத்தன் நேராகவே கேட்டிருக்கிறான். வீட்டுக் கடனும் காலேஜ் செலவும் நின்றுகொண்டிருந்தன. ஊரில் பெண்ணுக்குக் கையில் காசு பார்க்கிற வேலை என்றால் அது வெடி ஆபீஸ்தான். அதை யோகா வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எங்கள் ரெண்டு பேருக்கும் கேட்டது.

டிஸ்மிஸ் என்பதை டிஸ்சார்ஜ் என்று மாற்றிவிட்டால் பென்ஷன் கிடைக்கும், முன்னாள் ராணுவத்தினர் என்கிற மரியாதையும் திரும்ப வரும் என்று விருதுநகரில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டோம். முதலில் டெல்லிக்கு மனு. ரொம்ப நாள் கழித்து, முடியாது என்று ஒரு பக்கத்தில் பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் சென்னையில் ராணுவத் தீர்ப்பாயம். வக்கீல் ஐஸ்வர்யா என்று ஒரு சின்ன வயதுப் பெண். கெட்டிக்காரி. சுபேதார் கேட்டுத்தான் கொண்டுபோனார் என்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்றார். விசாரணையில் எனக்காகத்தான் என்று இவரே சொல்லிவிட்ட பிறகு என்ன இருக்கும்? சுபேதாருக்கு இவர் போன் செய்தால் எடுப்பதில்லை. என் நம்பரிலிருந்து நான் செய்தேன். வடக்கிலிருந்து காலண்டர் ஆர்டர் பிடித்துப் பிரஸ் நடத்துகிறவன் நான், எனக்குத் தெரிந்த இந்தி எல்லாம் சரக்கு அனுப்பியாச்சு, பணம் அனுப்பு என்கிற இந்திதான். அதை வைத்துக்கொண்டே, முனியராஜ் சார்பாகப் பேசுகிறேன், ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டார். மகளுக்குக் கல்யாணம் நல்லபடி முடிந்ததா என்று கேட்கத்தான் எனக்கு இந்தி வரவில்லை.

அந்த வழி அடைபட்டதும் ஐஸ்வர்யா வேறு வழி பிடித்தார். பெட்டியில் இருந்தது குழந்தைகள் கொளுத்துகிற சாமான், சிவகாசியில் பிறந்தவருக்கு அது மிட்டாய் மாதிரி, அதில் ஆபத்து இருக்கிறது என்ற எண்ணமே அவருக்கு இல்லை, தெரியாமல் செய்த தவறுக்கு இத்தனை வருஷச் சேவையைப் பறிப்பது அதிகம். இதுதான் வாதம். கேட்கும்போதே எனக்குத் தெம்பு வந்தது. உண்மையும் அதுதானே என்று நினைத்தேன்.

விசாரணை அன்று நானும் கூடப் போனேன். மேலே ஒரு நீதிபதியும், ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஐஸ்வர்யா அருமையாகப் பேசினார். அதிகாரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எனக்கு ஆங்கிலம் பாதிதான் பிடிபடும், ஆனாலும் முகத்தைப் பார்த்தால் தெரியாதா. முடிந்தது, பென்ஷன் வந்தது, யோகாவுக்குப் போன் போட வேண்டியதுதான் என்றே நினைத்துவிட்டேன். அங்கே வழக்கு போட்டவரை எழுப்பிக் கேள்வி கேட்கிற வழக்கம் இல்லையாம். அன்றைக்கு அந்த அதிகாரி, பின்னால் விறைப்பாக நின்றிருந்த முனியராஜைப் பார்த்துவிட்டு முன்னால் கூப்பிட்டார். நல்லது செய்யத்தான் கூப்பிட்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தமிழிலேயே கேட்டார்.

"விளையாட்டுச் சாமான்னு நினைச்சுத்தானே வச்சிருந்தீங்க? அதுல ஆபத்து இருக்குன்னு உங்களுக்குத் தோணவே இல்லை, சரிதானா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. குழந்தைகூடச் சொல்லும். ஐஸ்வர்யா திரும்பி இவரையே பார்த்தார். நான் இடத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லுங்க மாப்ள, சொல்லுங்க மாப்ள என்று உள்ளுக்குள் கதறினேன்.

"இல்ல சார். அது என்ன செய்யும்னு எனக்குத் தெரியும். எங்கம்மா அதுலதான் செத்தாக."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். தெரிந்தும் கிடங்குக்குள் வைத்திருந்தீர்களா என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் சார் என்றார் இவர்.

வெளியே வந்ததும் நான் என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது. வராந்தாவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அரிச்சந்திரனுக்கு அடுத்த வீடா உங்களுக்கு, அந்தச் சுபேதாருக்காகப் பொய் சொல்லத் தெரிந்ததே, பெண்டாட்டி பிள்ளைக்காக ஒரு வார்த்தை வராதா என்று கத்தினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கம்மா செத்தத வெளையாட்டுச் சாமான்னு சொல்லச் சொல்றீகளா மச்சான்?"

டீ வாங்கிக் கொடுத்துக் கூட்டிவந்தேன்.

கொஞ்ச நாளில் தீர்ப்பு வந்தது. ஐஸ்வர்யா போனில் படித்துத் தமிழில் சொன்னார். மனுதாரர் ஆபத்தை நன்றாக அறிந்தவர் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆகையால் தண்டனையில் தலையிடக் காரணம் இல்லை. இதற்கு மேல் டெல்லியில் சுப்ரீம் கோர்ட் இருக்கிறது என்றும் சொன்னார். அவர் குரலிலேயே தெம்பு இல்லை. எங்களிடம் எங்கே இருக்கும்?

யோகா அழவில்லை. என் பிரஸ்ஸுக்கு வா என்றேன். அண்ணே, உன் காலண்டர் வேலை சீசனோட முடிஞ்சிரும், அப்புறம் நான் என்ன செய்ய என்றாள். சொன்னது சரிதான். பக்கத்து வீட்டுப் பாண்டிலட்சுமி அச்சங்குளத்தில் ஒரு ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தாள், அவளிடம் சொல்லி வைத்து யோகா இடம் வாங்கிவிட்டாள். புருஷனிடம் முதல் நாள் காலையில் தூக்குவாளியில் சோறு அடைக்கும்போதுதான் சொன்னாள். ஊர்ல எல்லாப் பொம்பளைகளும் போகத்தான செய்றாக, எனக்கு மட்டும் என்ன என்றாளாம். அவர் பைக்கை எடுத்து வெளியே நிறுத்தினார் என்று பிரீத்திகா என்னிடம் சொன்னாள்.

இப்போது அவருக்கு என் பிரஸ்ஸில் ராத்திரி ஷிப்ட். காலையில் முடித்ததும் யோகாவைப் பைக்கில் அச்சங்குளம் கொண்டுபோய் விடுகிறார். விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தூங்குகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். போன வாரம் அந்த ஆபீசுக்கு லேபிள் லோடு கொண்டுபோனபோதுதான் பார்த்தேன். கேட்டுக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. தினமும் இப்படித்தான், சாயங்காலம் பொம்பளைகள் வெளியே வருகிறவரை எழுந்திருக்க மாட்டார், விரட்டினாலும் போகிறதில்லை என்று வாட்ச்மேன் என்னிடம் குறைப்பட்டான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ராத்திரி முழுக்க மிஷினில் நின்ற மனுஷன், இப்படிக் கிடந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று பக்கத்தில் போய்ச் சத்தம் போட்டேன்.

"இங்கன உக்காந்து என்ன செய்யப் போறீக மாப்ள? உள்ள ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா ஒங்களால என்ன செய்ய முடியும்?"

"ஒண்ணும் செய்ய முடியாது மச்சான்" என்றார். மரத்தடியில் இன்னும் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். லோடை இறக்கச் சொல்லிவிட்டு நானும் உட்கார்ந்தேன்.