காட்டூர் சார் வரிசையில் நின்ற ஞாயிறு

என் மனைவி ஒரு இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் லேப் அசிஸ்டென்ட். நான் பத்தாவதோடு நின்று, சின்னக் கடைத் தெருவில் ஒரு பாத்திரக் கடையில் விற்பனைக்கு நிற்கிறவன். எங்களுக்கு நடுவில் படிப்பு ஒரு பேச்சாக வந்ததே இல்லை. அவளோடு வேலை பார்க்கும், காட்டூரிலிருந்து வருவதால் எனக்குக் காட்டூர் சார் ஆகிவிட்டவர், ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீரங்கத்திலிருக்கும் எங்கள் வீட்டுக்கு லேப்டாப்போடு வர ஆரம்பித்த பிறகுதான் வந்தது.

அவரைக் குறை சொல்ல முடியாது. "அண்ணே, கோயிலுக்குப் போயிட்டு வந்துட்டீங்களா?" என்று விசாரித்துவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவார். அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் பெருமாளிடம் முறையிடவாவது செய்யலாம்.

சி மொழியில் புரோகிராம் எழுதி இரண்டு கம்ப்யூட்டர்களைப் பேச வைப்பது எப்படி என்று காலேஜ் பிள்ளைகளுக்குச் செய்து காட்ட வேண்டுமாம். அதற்குத்தான் இவர்களுக்கு ஒத்திகை.

"சாக்கெட் திறந்தாச்சா மேடம்?"

"போர்ட் நம்பரோட பைண்ட் பண்ணி, லிசனும் போட்டாச்சு சார். யாராவது வருவாங்களான்னு அக்செப்ட்ல காத்துக்கிட்டு நிக்குது."

"நம்ம பிரின்சிபால் ரூம் வாசல்ல நாம நிக்கிற மாதிரி."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். என்னிடம் கேஸ் புக் பண்ணியாச்சா, மோட்டார் போட்டாச்சா என்பதற்கு மேல் பேச்சில்லை. நான் காபி கொண்டுபோய் வைத்தேன். டம்ளர் கொஞ்சம் சத்தமாகவே உட்கார்ந்தது.

முந்தின நாள் சனிக்கிழமை. பெரிய வரிசையில் நின்று பெருமாள் முன்னால் போய்ச் சேர்ந்தும், என் மனசில் போன வாரம் கேட்ட இதே சிரிப்புதான் ஓடியது. "நகருங்கோ, நகருங்கோ" என்று அர்ச்சகர் சொன்னபோதுதான் திருவடியைக்கூடச் சரியாகச் சேவிக்கவில்லை என்று தெரிந்தது.

"என்னங்க, சும்மாதானே இருக்கீங்க? இன்னொரு ஆள் பேசிப் பார்க்கணும்" என்று என் போனிலும் அந்தப் புரோகிராமை ஏற்றிக் கொடுத்தாள். அவள் லேப்டாப்தான் சர்வர். நானும் காட்டூர் சாரும் அதைத் தேடிப் போகிறவர்கள். நான் முந்திக்கொண்டு கனெக்டை அழுத்திவிட்டேன்.

'வந்துட்டேன்' என்று அடித்தேன். வாட்ஸ்அப் பழக்கத்தில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் எனக்கு நன்றாகவே வரும்.

'வாங்க' என்று அவள் தட்டிய பதில் போனில் வந்தது.

எதிரே காட்டூர் சார் தட்டித் தட்டிப் பார்த்தார். "கனெக்ட் ஆயிடுச்சுன்னு காட்டுது மேடம். பதில்தான் வரமாட்டேங்குது."

அவள் புரோகிராமை மேலும் கீழும் பார்த்தாள். "நாம எழுதினது அப்படி சார். ஒரு நேரத்துல ஒருத்தர்கிட்டதான் பேசும். இவர் முடிச்சுட்டு வெளிய வந்தாதான் வரிசையில அடுத்த ஆளை உள்ள கூப்பிடும்."

இது எனக்குப் புரிந்த விஷயம். வரிசையில் இடம் கிடைப்பது வேறு, சந்நிதிக்குள் நிற்பது வேறு. இங்கே நகரச் சொல்ல அர்ச்சகரும் இல்லை. நான் வெளியே வரவில்லை.

'சாப்டியா' என்றேன்.

'இன்னும் இல்ல. என்ன கோவம்?'

'ஒண்ணுமில்ல.'

'ஒண்ணுமில்லாமலா டம்ளரை அப்படி வச்சீங்க?'

நிமிர்ந்து பார்த்தேன். அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். 'என்கிட்ட நீ இப்படிச் சிரிக்கிறதே இல்ல' என்று அடித்து, அனுப்பலாமா என்று யோசிப்பதற்குள் விரல் அனுப்பிவிட்டது.

பதில் வரவில்லை. சர்வர் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன்.

"அண்ணே, நான் இன்னும் க்யூலதாண்ணே நிக்கிறேன்" என்றார் காட்டூர் சார்.

"கொஞ்சம் இருங்க சார், டெஸ்ட் நடக்குது" என்றாள் அவள். பிறகு என் போனில் எழுத்து வந்தது: 'நீங்க ஏதாவது பேசினாதானே சிரிக்க. சாயங்காலம் நானும் கோயிலுக்கு வரேன். இப்ப அவரை விடுங்க, பாவம்.'

நான் முடித்து வெளியே வந்தேன். அடுத்த நொடியே, காட்டூர் சார் அதுவரை தட்டியதெல்லாம் அவள் திரையில் மொத்தமாக வந்து கொட்டியது. 'ஹலோ. ஹலோ. மேடம். யாராவது இருக்கீங்களா. அண்ணே போதும்ணே.' அவள் சிரித்தாள். இந்தத் தடவை நானும் சிரித்தேன்.

"அடுத்த வாரம் எல்லார்கிட்டயும் ஒரே நேரத்துல பேசுற மாதிரி மாத்தணும் சார்" என்றாள்.

அதற்கு அப்படி என்ன அவசரம் என்றுதான் எனக்குத் தோன்றியது.