ஆறு சாம்பல் கட்டங்கள்

குடிபாலாவிலிருந்து ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்கு வந்த சென்னம்மா, ஒன்பது வருஷமாக ஒரு பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் ஒட்டும் மிஷினில் நிற்கிறாள். சூட்டுத் தகட்டில் கை மாட்டினால் விரல் போய்விடும். பழைய மிஷினில் நிறுத்துகிற பொத்தான் சிவப்பாக, உள்ளங்கை அகலத்துக்குப் புடைத்திருக்கும், பார்க்காமலே தட்டுவாள். புது மிஷினின் திரையிலோ ஒரே சாம்பல் நிறத்தில், ஒரே அளவில் ஆறு கட்டங்கள். நிறுத்துகிற கட்டத்தின்மேல் அவள் தன் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவைத்தாள்.

திரையை வடிவமைத்த கிரண்குமார் திருப்பதியிலிருந்து பார்வையிட வந்தான். பொட்டைக் கண்டதும் முகம் சுளித்து நகத்தால் சுரண்டி எடுத்தான்.

“இன்னாம்மா இது அசிங்கம்? டிசைனே பாழாப்பூடுச்சி.”

“அப்டியா சார்? எங்க, நீயே நிறுத்திக் காட்டு.”

அவன் ஒரு கட்டத்தைத் தொட்டான். மிஷின் இன்னும் வேகமாக ஓடியது. இன்னொன்றைத் தொட்டான், மணி அலறியது. சென்னம்மா சுவரிலிருந்த மெயின் சுவிட்சை இறக்கினாள்.

“உங்களுக்கு ட்ரெயினிங் பத்தல,” என்றான் அவன், கூச்சமே இல்லாமல்.



“தூ! உன் வெரலா இருந்தா செவப்புல பெருசா வரைஞ்சிருப்ப. வரைஞ்சிக்கினு வா, அப்பறம் மிஷின் ஓடும்,” என்று சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றாள்.